மாதாவுக்குப் போடும் பலகை

உக்குவளைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயில் வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டியது. முன்வாசலில் மூன்று கருங்கல் படிகள். மிதிபட்டு மிதிபட்டு நடுவில் குழிந்து, மழை பெய்தால் அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். அவற்றில் கைவைக்க ஊரில் யாரும் விடமாட்டார்கள். கட்டடப் படம் வரைவது என் தொழில், நானும் விடமாட்டேன்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கொழுந்து லொறி புரண்ட நாளிலிருந்து அவளுக்குச் சக்கர நாற்காலிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைப்பார்கள். அதைப் பொறுத்துக்கொண்டவள், கல்யாணத்தன்று மட்டும் தானே உருட்டிக்கொண்டு போகவேண்டும் என்றாள். அதுவும் முன்வாசலால்.

கோயில் கமிட்டியில் பேசினேன். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் என்பதால் மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆனால் படிகளைச் சீமெந்து போட்டு மூடிவிடுவேனோ என்று பயம். பக்கவாசலில் படியே இல்லையே, அதால் வரட்டுமே என்றார் ஒருவர். இடுகாட்டுப் பாதை அந்தப் பக்கம். அந்த வாசலால் சவப்பெட்டிதான் போகும். சொன்ன பிறகு அவருக்கே உறைத்து, பேச்சை மாற்றினார்.

தாய்மாமன் தூக்கிக்கொண்டு போனால் முறையாகவும் இருக்கும் என்று மாமா அக்காவிடம் சொல்லிப் பார்த்தார். தம்புள்ளைக் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொண்டவர் அவர்.

"இப்ப ஒரு கோவா மூட்டையவே ஒங்களால தூக்க முடியல. என்னைய கீழ போட்டீங்கன்னா மாப்பிள்ளை ஓடிருவாரு மாமா," என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாதா எப்புடி உள்ள போறாங்க தம்பி?"

திருவிழாவில் மாதாவின் சப்பரம் சக்கரத்தில் தோட்டத்தைச் சுற்றி வரும். திரும்பியதும் படிகளின்மேல் பலகைகளைச் சாய்த்து, கயிறு கட்டி இழுத்து ஏற்றுவோம். முடிந்ததும் பலகைகளைக் கோயிலுக்குப் பின்னால் அடுக்கிவிடுவோம். படிக்கு ஒரு கீறலும் விழாது.

மறுநாளே அளந்தேன். அந்தப் பலகைகள் அவளுக்கு ஆகாது. அத்தனை செங்குத்தில் ஒருத்தி தனியாக ஏற முடியாது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். முற்றத்தில் அதற்கு இடம் இருந்தது. இரும்புச் சட்டம், மேலே பலகை, இருபுறமும் கைப்பிடி, கல்லைத் தொடும் இடத்தில் ரப்பர். ஆணியே கிடையாது, வேண்டாதபோது கழற்றிவிடலாம். கமிட்டித் தலைவர் என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"திருவிழாப் பலகையத்தான் நீட்டியிருக்கீங்க போல."

"ஆமாங்க, அவ்வளவுதான்."

பல்லேபொலயில் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்து கொண்டுவந்தோம்.

கல்யாணத்தன்று வெள்ளைச் சேலை சக்கரத்தில் சிக்காதபடி இழுத்துக் குத்தியிருந்தாள். மாமா பின்னாலேயே நடந்தார், கை நாற்காலியைத் தொட்டும் தொடாமலும்.

"கைய எடுங்க மாமா," என்றாள் திரும்பாமலே.

எடுத்தார். பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். யாரும் அசையவில்லை. மறுபடி இரண்டு கையாலும் தள்ளி, வாசலைத் தாண்டி உள்ளே போனாள்.

மறுநாள் கழற்றுவதற்கு ஸ்பேனரோடு போனேன். முழங்கால் வலிக்காரரான கமிட்டித் தலைவர் கைப்பிடியைப் பிடித்தபடி அதில் ஏறிக்கொண்டிருந்தார்.

"திருவிழா முடியட்டும் தம்பி, கழட்டலாம்," என்றார்.

திருவிழாவுக்கு இன்னும் எத்தனையோ மாதம் கிடந்தது. ஸ்பேனரைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.