அறுநூறு எம்பி பள்ளிக்கூடம்

அந்த ஆபீஸில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவளுக்கு வைத்தது பூதக்கண்ணாடி. வயது ஐம்பத்திரண்டு, கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற வேலையில் முப்பது வருடம். பட்டப்பெயர் அவளுக்குத் தெரியாது என்று ஆபீஸே நம்பிக்கொண்டிருந்தது. தெரியாமல் என்ன? உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. சும்மா சொல்லக்கூடாது, பொருத்தமான பெயர்தான்.

கம்ப்யூட்டரில் ஒரு வரைபடம் அளவுக்கு மீறிப் பெருத்து, திறந்தால் திறக்காமல், மூடினால் மூடாமல் மல்லாந்துவிட்டால் அவளைக் கூப்பிடுவார்கள். அதன் வயிற்றுக்குள் எந்தெந்த வெளிப்படங்கள் புதைந்து கிடக்கின்றன என்று தோண்டி எடுத்துவிடுவாள். பெரிய கட்டடத்தை ஒரே ஆள் வரைவதில்லை. தூணுக்கு ஒருவர், குழாய்க்கு ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர். ஒருவர் போட்ட படத்தை இன்னொருவர் தன் படத்துக்குள் வெளியிலிருந்து இணைத்துவைத்துப் பார்ப்பார். அதற்கு எக்ஸ்ரெஃப் என்று பெயர். வெறுமனே இணைத்தால் பாரமே இல்லை, எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம். ஆனால் சில புண்ணியவான்கள் அதோடு நிற்காமல் பைண்ட் என்று ஒரு பட்டனையும் தட்டிவிடுவார்கள். அவ்வளவுதான், வந்த விருந்தாளி பெட்டி படுக்கையோடு வீட்டிலேயே தங்கிவிடுவார். அவர் பெட்டியைத் திறந்தால் உள்ளே இன்னொரு விருந்தாளி உட்கார்ந்திருப்பார்.

இப்படிச் சேர்த்தவர்கள் அவளிடம் தப்பியதில்லை. படத்தை அடுக்கடுக்காகப் பிரித்துவைப்பதற்கு லேயர் என்று பெயர்; உள்ளே வந்த ஒவ்வொரு லேயரின் பெயருக்கும் முன்னால் பழைய ஃபைலின் பெயர், ஒரு டாலர் குறி, ஒரு எண், மறுபடி ஒரு டாலர் குறி என்று ஒட்டிக்கொண்டே வரும். அதைப் படித்து இது யார் பிள்ளை, எந்த வருடத்துப் பிள்ளை என்று சொல்லிவிடுவாள். சொல்வதோடு விட்டால் பரவாயில்லை. "பைண்ட் செய்வது சோம்பேறித்தனம் மட்டுமல்ல, ஒழுக்கக்கேடு" என்று ஒரு சுற்றறிக்கையே எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியவள் அவள். வீட்டில் கணவரிடமும் இதே கதைதான். மனுஷன் லிஃப்ட் மெக்கானிக், வாயில்லாப் பூச்சி. அவருடைய டூல் பையைத் திறந்து, "இந்த ஸ்பேனர் யாரோடது? நம்மளது இல்லையே?" என்பாள். அவர் பாவம், மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார்.

அன்று மாட்டியது பள்ளிக்கூடம். மூன்று மாடி, இருபத்துநான்கு வகுப்பறை. அனுமதிக்காக நகரசபையின் இணையதளத்தில் மாலை ஐந்து மணிக்குள் ஏற்ற வேண்டும். அது ஐம்பது எம்பிக்கு மேல் கனமான ஃபைலை வாங்காது. பள்ளிக்கூடமோ அறுநூற்றுப் பன்னிரண்டு எம்பி. காலையிலிருந்து இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டது.

முதலாளி ஹாலுக்கு நடுவில் வந்து நின்று கத்தினார். "இந்தக் கூத்தைப் பண்ணினது யாரா இருந்தாலும் சரி, நாளையிலேர்ந்து வர வேணாம். மேடம், நீங்க யாருன்னு பார்த்துச் சொல்லுங்க."

எல்லோரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பட்டப்பெயர் அவசரம். எந்த வேலையைக் கேட்டாலும் "இதோ முடிச்சிட்டேன்" என்பார். பைண்ட் விஷயத்தில் ஏற்கெனவே இரண்டு முறை பிடிபட்டவர், இரண்டு முறையும் பிடித்தது அவள்தான். பள்ளிக்கூடத்தைக் கடைசியாகச் சேமித்ததும் அவர்தான். வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தை. மனுஷனுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, சத்தியமா நான் இல்ல," என்றார்.

"அதை ஃபைல் சொல்லும் தம்பி," என்றாள் அவள். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவளுக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். அன்றும் இருந்தது.

ஃபைல் திறக்கவே ஆறு நிமிடம் ஆயிற்று. எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டு என்று கட்டளை கொடுத்தாள். பள்ளிக்கூடம் திரையின் ஒரு மூலையில் கடுகளவு சுருங்கிப்போயிற்று. அப்படியென்றால் எங்கோ தொலைதூரத்தில் வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைத்திருந்த லேயர்களைத் திறந்துவிட்டாள். எதிர்மூலையில் ஒரு புள்ளி. நெருங்கிப் போனாள். ஒரு சின்ன வீடு.

இரண்டு படுக்கையறை. கிழக்கே ஜன்னல் வைத்த சமையலறை. நடுவில் வளைந்து ஏறும் ஒரு படிக்கட்டு. ஒரு அறைக்குள் 'பாப்பா ரூம்' என்று எழுதியிருந்தது.

லேயரின் பெயரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் பார்த்தாள். 'சொந்தவீடு', டாலர், பூஜ்யம், டாலர்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் சாப்பாட்டு இடைவேளைகளில் அவளே வரைந்தது. அப்போது ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார்கள். மாமியாரின் ஆபரேஷனோடு மனையும் போயிற்று, வீடும் போயிற்று. படிக்கட்டு மட்டும் அவ்வளவு நன்றாக வந்திருந்ததால், ஆபீஸின் மாதிரிப் படத்தில் வைத்தால் எல்லோருக்கும் பயன்படுமே என்று அன்றைக்கு வீட்டையே அதற்குள் இணைத்தாள். இணைத்தவள் பைண்டும் பண்ணினாள். பிறகு படிக்கட்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, மீதியை மறைத்துவைத்துவிட்டு, சுத்தமாக மறந்தும்போனாள். ஒழுக்கக்கேடு என்ற சுற்றறிக்கை வந்தது அதற்கு அடுத்த வருடம்.

அந்த மாதிரிப் படத்திலிருந்துதான் ஆபீஸில் எல்லோரும் எல்லாவற்றையும் தொடங்குகிறார்கள். ஒரு படம் இன்னொன்றில் சேரும்போதெல்லாம் வீடும் கூடவே சேர்ந்திருக்கிறது. டாலர் குறிகளுக்கு நடுவே இருந்த எண் பூஜ்யத்தில் தொடங்கி நாற்பத்தேழு வரை போயிருந்தது. ஆஸ்பத்திரி, சிறைச்சாலை, பேருந்து நிலையம், எதையும் விடவில்லை. இத்தனை வருடமும் அடுத்தவர் பெயரையே தேடிய கண்ணில் அது படவே இல்லை. ஊரில் இந்த ஆபீஸ் வரைந்த அத்தனை கட்டடத்துக்குள்ளும் அவள் வீடு இருந்தது. அவள் மட்டும் வாடகைக்கு ஒண்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பாப்பாவுக்கு இப்போது இருபத்துமூன்று வயது. ஹாஸ்டலிலிருந்து வந்தால் இன்றைக்கும் ஹாலில்தான் பாய் விரித்துப் படுக்கிறாள்.

மணி நாலே கால். அவள் அழவில்லை, அதற்கு நேரமில்லை. நாற்பத்தெட்டு வீடுகளையும் ஒவ்வொன்றாக அழித்தாள், மிச்சசொச்சத்தைத் துடைத்தாள், பதினோரு எம்பிக்குக் கொண்டுவந்து ஏற்றினாள். இணையதளம் மூச்சுக்காட்டாமல் வாங்கிக்கொண்டது. ஹாலில் கைதட்டல். முதலாளி வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"கெட்டிக்காரி மேடம் நீங்க! யாரு? நம்ம அவசரம்தானே?"

'ஆமாம்' என்ற ஒரு வார்த்தை போதும். ஃபைல் துடைத்துக் கிடக்கிறது, அவளைத் தவிர அதைப் படிக்கத் தெரிந்தவரும் இங்கே கிடையாது. "இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன் சார்," என்று சொல்லிவிட்டுத் தன் சீட்டுக்கு வந்தாள். வாய் பொய் சொல்லவில்லை, அதனால் நியாயமாகத்தான் நடந்துகொண்டோம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை.

பக்கத்து மேஜையில் அவசரம் டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார். ஒரு ஸ்கேல், சைட்டுக்குப் போட்டுப்போகும் பழைய செருப்பு, குழந்தையின் போட்டோ. அன்றைக்கு மட்டும் எந்த அவசரமும் இல்லாமல், ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்துப் பைக்குள் வைத்தார். அதற்கு மேல் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. விடுவிடுவென்று முதலாளி அறைக்குள் போனாள்.

"சார், அது நான்."

முதலாளி சிரித்தார். "தெரியும் மேடம், உங்க மனசு தங்கம். அவனைக் காப்பாத்தப் பாக்குறீங்க. உங்களைப் போய் நான் சந்தேகப்படுவேனா?"

எவ்வளவு சொல்லியும் மனுஷன் நம்பவில்லை. முப்பது வருடமாகச் சேர்த்த நல்ல பெயர் ஆபத்துக்கு உதவாமல் குறுக்கே நின்றது. கடைசியில் அவருடைய கம்ப்யூட்டரிலேயே போன வருடத்து ஆஸ்பத்திரியைத் திறந்து, அறுவை சிகிச்சை அரங்குகளையெல்லாம் தாண்டி, தொலைமூலையில் இருந்த வீட்டைக் காட்டினாள். முதலாளி குனிந்து படித்தார்.

"பாப்பா ரூமா?"

"என் பொண்ணோட ரூம் சார். நான்தான் சேர்த்தேன், நான்தான் பைண்ட் பண்ணினேன். நாளையிலேர்ந்து வரலை."

முதலாளிக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் போய்விட்டால் அடுத்த அறுநூறு எம்பியை யார் திறப்பது? மேஜை மணியை அடித்தார்.

"அட, என்ன மேடம் நீங்க! கை தவறி நடந்தது. இதெல்லாம் ஒரு விஷயமா? உக்காருங்க, டீ குடிங்க."

கதவருகே பையோடு அவசரம் நின்றுகொண்டிருந்தார். டிராயர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"அடடே, நீயும் வாப்பா," என்றார் முதலாளி. "போய்ப் பையை வச்சிட்டு வேலையைப் பாரு. ஒண்ணும் நடக்கலை."

அவர் நகரவில்லை. முதலாளியைப் பார்க்கவுமில்லை.

"அக்கா," என்றார், "நிஜமாவே நான் பண்ணியிருந்தா?"

டீ வந்துவிட்டது, ஒரே ஒரு கப். அவளுக்கு முன்னால் வைத்தார்கள். அவள் அதைத் தொடவில்லை.

"இந்நேரம் நீ வீட்டுக்குப் போயிருப்ப," என்றாள். "நானே அனுப்பியிருப்பேன்."