நாற்காலியைத் திருப்பிப் போட்ட சாயங்காலம்

நேற்று வேப்பூரில் பஸ் ஏறினேன். எனக்கு முன் சீட்டில் ஒரு கல்லூரிப் பெண். பஸ் கிளம்பியதும் மடியிலிருந்த காகிதப் பெட்டியைத் திறந்தாள். பொரித்த கோழி வாசனை, மிளகுத் தூளோடு, கடைசி சீட்டு வரைக்கும் போயிருக்கும். கண்டக்டர்கூட ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவளுக்கு அதெல்லாம் கவலையே இல்லை. எலும்பைச் சுத்தமாகக் கடித்து வைத்துவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள். அந்த வாசனைக்கு மற்றவர்களுக்குப் பசி வரும். எனக்கு வேலை ஞாபகம் வந்துவிடும்.

என் முதல் வேலை என்ன தெரியுமா? ரோட்டோரம் நின்று மனிதர்களை எண்ணுவது. பி.காம். முடித்த கையோடு சென்னையில் ஒரு சிக்கன், பர்கர் கம்பெனியில் சேர்ந்தேன். பெரிய ஊர்களில் கடை போட்டு முடித்து, இனி சின்ன ஊர்கள்தான் என்று அவர்கள் முடிவெடுத்திருந்த சமயம். கடை வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பிரிவில் என்னைப் போட்டார்கள். கையில் ஒரு சின்னக் கருவி. யாராவது கடந்து போனால் கட்டைவிரலால் ஒரு அழுத்து, எண் ஒன்று ஏறும். எங்கள் ஊர் நல்லூரில் என் அப்பா இதை வெளியே எப்படிச் சொல்வது என்று தவித்து, பொண்ணு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருக்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கரும்பு வெட்டும் ஆட்கள் என்னிடம் ரேஷன் கார்டு திருத்தம் கேட்டு வந்தார்கள்.

என் மேலதிகாரி வாசுதேவன் சார், இடம் தேர்வதில் கெட்டிக்காரர். வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறவன் எந்தப் பக்கமாகப் போவானோ அந்தப் பக்கம்தான் கடை இருக்க வேண்டும், காலையில் போகிற பக்கம் வைத்தால் கையசைத்துவிட்டுப் போய்விடுவான் என்பார். எங்கள் வட்டாரத்தில் ஒரு கிளைக்குத்தான் அனுமதி. அவர் மனதில் வேப்பூர், சென்னை-திருச்சி நெடுஞ்சாலை. கார்கள் ஓயாமல் ஓடும் இடம். விருத்தாசலத்தை ஒரு வாரம் எண்ணிப் பார் என்று என்னை அனுப்பியது சும்மா ஃபைலை நிரப்பத்தான்.

அந்த வாரம் தினமும் சாயங்காலம் பீங்கான் தொழிற்பேட்டை வாசலில் நின்றேன். ஐந்தரைக்கு உள்ளிருந்து பெண்கள் வந்தார்கள் பாருங்கள், என் கட்டைவிரல் வலித்துவிட்டது. பொம்மைக்குக் கண் எழுதுகிறவர்கள், ஃபியூஸ் கட்டை அடுக்குகிறவர்கள், எல்லோருக்கும் முழங்கை வரைக்கும் வெள்ளை மண். வாசலிலிருந்த பஜ்ஜி வண்டியில் ஆளுக்கு இரண்டு வாங்கி, பாதிப் பேர் நடந்துகொண்டே தின்றார்கள், பாதிப் பேர் பையில் போட்டுக்கொண்டார்கள்.

அவர்களில் ஒரு அக்கா என்னிடம் வந்து, நாலு நாளாக எங்களை எதற்கு எண்ணுகிறாய் என்று நேராகவே கேட்டார். ஸ்டெல்லா அக்கா. பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிற வேலை, மாதா கோயில் தெருவில் வீடு. நான் விஷயத்தைச் சொன்னேன். கடை வந்தால் வருவீர்களா என்றும் கேட்டேன்.

"வேலை வுட்டு வூட்டுக்குப் போறதுக்கு நடுவுல அரை மணி நேரம் இருக்குது பாப்பா. அது எங்களோடது. ஆனா அதை எங்க கொண்டுபோயி வெக்கிறதுன்னுதான் தெரியல" என்றார் அக்கா. ஓட்டலுக்குப் போகலாமே என்றேன். ஆம்பளை துணை இல்லாமல் நாலு பெண்கள் உள்ளே நுழைந்தால் இலையில் இருக்கிற சாப்பாட்டை விட்டுவிட்டு எங்களைத்தான் பார்ப்பார்கள் என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. எங்கள் படிவத்தில் கடைக்குள் போகிறவர்களுக்குத்தான் கட்டம் இருந்தது. போக ஆசைப்பட்டும் போகாதவர்களுக்கு இல்லை. அன்றைக்கே சாருக்குப் போன் போட்டு, நெடுஞ்சாலைக் கார்க்காரன் ஒருமுறை வருவான், இவர்கள் வாராவாரம் வருவார்கள் என்று மூச்சு விடாமல் பேசினேன். வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகாதவள் பேசுகிற பேச்சா அது? அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மூன்று நாள் ஒரு பந்தல் போட்டுக் காட்டு, நாற்காலி நிறையவில்லை என்றால் வேப்பூர்தான், அதற்கப்புறம் உன்னை வேறு வேலைக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்றார்.

தொழிற்பேட்டைக்கு எதிரே பந்தல் போட்டோம். சிவப்பு நாற்காலிகள் இரண்டு வரிசை. முதல் நாள் பெண்கள் கூட்டமாக வந்தார்கள், ஆசையாக வாங்கினார்கள், பார்சல் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்தது இரண்டு ஆட்டோக்காரர்கள் மட்டும். ஸ்டெல்லா அக்காவே உட்காரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுகையை அடக்கிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் மதியமே அக்காவைத் தேடிப் போனேன். ஏன் நீங்களே இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அக்கா தூரிகையைக் கீழே வைத்தார்.

"கடைசி வரைக்கும் எண்ணிக்கிட்டே இருந்தியே, நாற்காலி எந்தப் பக்கம் பாத்துக் கெடக்குதுன்னு பாத்தியா? ரோட்டைப் பாத்து வரிசையா போட்டா எவ ஒக்காருவா? நாங்க என்ன கொலு பொம்மையா?"

ஓடினேன். நாற்காலிகளை எல்லாம் நானே திருப்பிப் போட்டேன். ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வட்டம் வட்டமாக, முதுகு ரோட்டுக்கு. சாயங்காலம் ஸ்டெல்லா அக்கா வந்தார். தனியாக. கோழித் துண்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு நடு வட்டத்தில் போய் உட்கார்ந்தார். கூட வந்தவர்கள் ஓரமாக நின்றார்கள். அக்கா அவர்களைப் பார்க்கவே இல்லை, நிதானமாகச் சாப்பிட்டார். பிறகு ஒருத்தி வந்தாள். அப்புறம் இரண்டு பேர். கால் மணி நேரத்தில் பந்தலுக்குள் ஒரே பேச்சுச் சத்தம், சிரிப்பு. நான் கருவியை அழுத்த மறந்து நின்றேன்.

மூன்றாம் நாள் வாசுதேவன் சாரே வந்தார். அவருக்கு உட்கார இடமில்லை. நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, கடைக்குள்ளேயும் மேசைகளை இப்படித்தான் போட வேண்டும் என்று மட்டும் சொன்னார். எனக்கு ரயில் ஜங்ஷன் வரைக்கும் ஓடிப் போய்வர வேண்டும் போலிருந்தது.

கடை திறந்த அன்று ஸ்டெல்லா அக்கா பதினோரு பேரோடு வந்தார். எல்லோரும் பண்டிகைப் புடவையில். காகிதத்தில் சுற்றிக் கொடுத்ததும் அக்கா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோ பெரிய கடை, ஒரு தட்டு கெடையாதா? பீங்கான் ஊருக்கு வந்து காயிதத்துல குடுக்குறீங்களே" என்றார். பயிற்சியில் சொல்லிக் கொடுத்த ஆங்கில வணக்கத்தை மறந்து நானும் சிரித்துவிட்டேன்.

எல்லாம் நன்மை என்று சொல்ல மாட்டேன். பஜ்ஜி வண்டிக்காரர் ஆறு மாதத்தில் பெண்ணாடம் பக்கம் இடம் மாறிப் போனார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஸ்டெல்லா அக்காவின் மகள் வீட்டுச் சாம்பாரைத் தள்ளிவிட்டு பர்கர் கேட்கிறாள் என்று, நானே ஊட்டிக் கெடுத்த மாதிரி அக்கா என்னைத் திட்டினார். நியாயம்தான். எங்கள் படிவத்தில் அதற்கும் கட்டம் இருக்கவில்லை. ஆனால் அக்கம்பக்கத்து ஓட்டல்காரர்கள் எங்களைப் பார்த்து, பெண்கள் வந்தால் நல்ல மேசையாகத் துடைத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். அது எங்கள் கம்பெனி கணக்குப் போடாத லாபம்.

நேற்று பஸ் விருத்தாசலத்துக்குள் நுழைந்ததும் அந்தக் கடைப் பக்கம் இறங்கிப் போனேன். சாப்பாட்டுக் கூடமே இல்லை. மேசைகள் இருந்த இடத்தில் இப்போது அடுப்பும் குளிர்பெட்டியும். வெளியே ஒரு சின்ன ஜன்னல், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன்களின் பைக்குகள். ஆர்டரெல்லாம் போனில் வருகிறதாம், உட்கார யாரும் கேட்பதில்லையாம். ஊர் மெச்சிய ஒரு கல்யாண மண்டபத்தை இடித்தது போலிருந்தது எனக்கு. உடனே ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் போட்டேன். நம்ம கூடத்தை எடுத்துட்டாங்கக்கா என்றேன்.

"எடுத்தா எடுக்கட்டும் பாப்பா" என்றார் அக்கா. பின்னால் கல்லில் மாவு ஊற்றுகிற சத்தம். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஜங்ஷன் ரோட்டுல தோசை சாப்புட்டுட்டு இருக்கேன். தனியாதான். கூட்டம் ஜாஸ்தி, ஒருத்தரும் என்னைத் திரும்பிக்கூட பாக்கல. சட்னி ஆறுது, வெக்கட்டுமா?"