காயாவோ மீனில் ஒரு பாதி

ராயபுரத்தில் நீலமேகம் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். பச்சை மீன் நீலமேகம் என்று கேட்டுப் பாருங்கள், கல்மண்டபத்தில் பூ விற்கிறவள்கூட வாசல்வரை கொண்டுவந்து விடுவாள். விட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்வாள். அந்தச் சிரிப்பை அவன் சம்பாதித்துக்கொண்டு வந்தது தென் அமெரிக்காவில், பெரு என்ற தேசத்தில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் ஒரு வெள்ளைக்காரக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி தள்ளும் வேலைக்குப் போனான். கப்பல் பாதி உலகத்தைச் சுற்றி, பெருவில் காயாவோ என்ற துறைமுகத்தில் போய் நின்றபோது அவனுக்கு விஷக்காய்ச்சல். கரி தள்ளுகிறவனுக்காகக் கப்பல் காத்திருக்குமா? ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. காய்ச்சல் விட்டபிறகு ஊர் திரும்ப வேறு கப்பல் கிடைக்க நாற்பது நாள் ஆயிற்று. அந்த நாற்பது நாளும் அவனோடு ஒரு வார்த்தை தமிழ் பேச ஆள் இல்லை. மறந்துவிடுமோ என்று பயந்து, தன் பெயரைத் தானே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்வானாம்.

துறைமுக வாசலில் இரட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். முதல் நாள் பசியோடு போய் மீனைக் கைகாட்டினான். எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறிக்கொண்டிருந்த பச்சை மீன் துண்டுகளை அள்ளி, வெங்காயமும் மிளகாயும் உப்பும் போட்டுப் பிசறி, பக்கத்தில் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மக்காச்சோளமும் வைத்து நீட்டினாள். நம் ஆள் தட்டைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான். வேகவைக்க மறந்துவிட்டாளோ என்று அடுப்பைச் சுட்டிக் காட்டினான். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. எதிரே வந்து உட்கார்ந்து, அவன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்று காட்டி, தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

சாப்பிட்டான். மீன் வெந்த மாதிரி வெளுத்து, கடிக்கப் பதமாக இருந்தது. முதலில் புளிப்பு, பின்னாலேயே மிளகாய். எட்டு மாதம் கப்பலில் உப்புச் சப்பில்லாமல் தின்று மரத்துப்போன நாக்கு அது. காரம் பட்டதும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அத்தனையும் மிளகாயால் வந்த தண்ணீர் அல்ல. அவள் கிழங்குத் துண்டு ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அன்று முதல் நாற்பது நாளும் அதே மேசை, அதே மீன். தினமும் அவள் எதிரே உட்கார்ந்து அவன் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்துக்கொள்வாள். அவள் பெயரைக் கேட்கக்கூட அவனுக்குப் பாஷை இல்லை.

ஊர் வந்து துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தபிறகு இதை ஒருவர் விடாமல் சொன்னான்.

"நைனா, சோறு கெடைக்காம பச்சையா துன்னுட்டு வந்து கத வுடுறியா?" என்றான் கூட வேலை செய்த மஜீது.

"ஒரு வாய் துன்னு பாரு. அப்பால பேசு."

"எனுக்கு இன்னா தலையெழுத்தா?"

ஊரே தின்ன வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. இன்னும் ஒரே ஒரு நாக்குக்கு அந்த ருசி தெரிந்தால் போதும். இல்லாவிட்டால் அந்த நாற்பது நாளும் காய்ச்சலில் கண்ட கனவாகிவிடும் என்று அவனுக்குப் பயம்.

மனைவி கெங்கம்மாவிடம் கேட்டான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதனால் ஒரு தந்திரம் செய்தான். புருஷன் சாப்பிட்டபிறகு அதே தட்டில், அவன் மீதம் வைத்ததைப் பெண்சாதி சாப்பிடுவது அந்தத் தெரு வழக்கம். கெங்கம்மா கல்யாணமான நாளிலிருந்து அதை மீறியதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் நீலமேகம் கொடுவா மீன் வாங்கி வந்து, தானே நறுக்கி ஊறவைத்து, சரியாகப் பாதியைத் தின்றுவிட்டு, மீதிப் பாதியை வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவான். இந்நேரம் அவள் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபடி மணலில் உட்கார்ந்திருப்பான். திரும்பி வந்தால் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும்.

"எப்டி கீது?"

"நல்லாத்தான் கீது."

அதற்குமேல் அவனுக்கு என்ன வேண்டும்? மனம் குளிர்ந்து, சாயங்காலம் அவள் வைத்த மீன்குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு மட்டும் ஒரு தனி ருசி என்று சொல்லவும் சொல்வான். ஐந்து வருஷம் இப்படியே ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூக்குப்பொடி டப்பாவை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினான். கெங்கம்மா அடுப்படியில் இருந்தாள். அவன் தட்டு மடியில். ஒவ்வொரு துண்டாக எடுத்து, இரண்டு தண்ணீரில் அலசி, கொதிக்கிற குழம்பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தினி நாளா, கெங்கா?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "மொத நாள்லேர்ந்துதான். ஒரு துண்டு வாயில வெச்சேன், கொமட்டிக்கினு வந்துச்சி. உன் தட்டுல மீந்தத வீசவும் மனசு வர்ல. நான் இன்னாய்யா செய்வேன்?"

"நல்லா கீதுன்னு சொன்னியே."

"கொழம்பு நல்லாத்தானே இருந்துச்சி? நீயே சொன்னியே."

கோபிக்க ஒரு இடமும் இல்லை. அவன் பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கே போனான். ஐந்து வருஷமும் தான் தனியாகத்தான் சாப்பிட்டிருக்கிறோம் என்பது அங்கே உட்கார்ந்தபிறகுதான் உறைத்தது. வயது வந்த ஆண்பிள்ளை, மஜீது பார்த்துவிடப் போகிறானே என்று முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் மீன் வாங்கவில்லை. கெங்கம்மா வாங்கி வந்தாள். ஐந்து வருஷம் பார்த்த கை, எலுமிச்சம்பழம் பிழிந்தாள், வெங்காயம் அரிந்தாள், கிழங்கு அவித்தாள். தட்டை வைத்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள். அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அந்தக் கதையை எத்தனை தடவை கேட்டிருப்பாள். அவன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தொண்டை மேலும் கீழும் போயிற்று. உள்ளே இறங்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

நீலமேகம் அவள் வாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டினான்.

"துப்பிடு மே. பரவால்ல."

துப்பினாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கிழங்குத் துண்டு ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தான். அவள் அதைத் தின்று முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கெங்கம்மா எழுந்து போகவில்லை. அவன் அன்றைக்குப் பாதி வைக்கவில்லை.