ஷட்டருக்கு உள்ளே தட்டியவன்

இது எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் திருவனந்தபுரம் ஆரியசாலைக்கு வாருங்கள், அந்த ஷட்டரைக் காட்டுகிறேன். தொட மட்டும் சொல்லாதீர்கள்.

நான் செல்வின். ஊர் மார்த்தாண்டம் பக்கம். கோமதிநாயகம் அண்ணாச்சியின் பருப்பு மொத்தக் கடையில் மூட்டை கட்டும் வேலை. திருவனந்தபுரத்தில் ஹர்த்தால் என்றால் ஊருக்கே விடுமுறை, எங்களுக்கு மட்டும் கிடையாது. விடியும் முன்பே அண்ணாச்சி என்னை உள்ளே விட்டு, ஷட்டரை இறக்கி, வெளியே பூட்டிவிடுவார். பார்ப்பவர்களுக்குக் கடையடைப்பு. உள்ளே வேலை நடக்கும். மாலை ஆறு மணிக்கு ஹர்த்தால் முடிந்ததும் திறப்பார். வேறு வாசல் இல்லை.

"லே, சத்தம் வெளிய கேக்கப்புடாது. கேட்டா ஹர்த்தால்காரன் கல்லெறிவான், கேட்டியா?" என்று சொல்லிவிட்டு அன்றும் வீட்டுக்குப் போனார்.

எதிரே சாயாக்கடை அம்மிணி அக்கா குடியிருக்கிறார். அவரிடம் இன்னொரு சாவி உண்டு. தான் சொல்லாமல் திறக்கக் கூடாது என்று அவருக்கும் அண்ணாச்சி கட்டளை போட்டிருந்தார்.

பதினொரு மணிக்கு வேலை முடிந்தது. ஷட்டர் பக்கத்தில் மூட்டையில் சாய்ந்து போனை எடுத்தேன். நண்பன் ஜினு ஒரு வலைப்பக்கம் அனுப்பியிருந்தான். திறந்தால் எங்கோ யாரோ எடுத்த வீடியோ ஓடும். முடிந்ததும் தானாக அடுத்தது வரும். எது வரும் என்று யாருக்கும் தெரியாது. பூட்டிக் கிடப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பனியில் ஒரு கிழவர் கார் கண்ணாடியைச் சுரண்டினார். ஏதோ வீட்டில் பிறந்தநாள். ஒரு மணப்பெண் ஆடினாள். மொழி புரியவில்லை, ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை.

அடுத்தது கடற்கரை. ஒரு குழந்தை மணல் தோண்டியது. பின்னால்... டம். டம். டம்.

தகரத்தைத் தட்டும் சத்தம். கடற்கரையில் ஏது தகரம்?

பிறகு ஒரு பூனை. டம். டம். டம். ஓடும் ரயிலிலும் அதே சத்தம்.

தலை லேசாக வலித்தது. பூண்டு அழுகியது போல நெடி. எங்கள் கடையில் பூண்டு கிடையாது. பக்கத்துக் கடையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வீடியோ... இருட்டு.

கீழே ஒரு வெளிச்சக் கோடு. மூடிய ஷட்டரின் அடியில் தெரியுமே, அது. தரையோடு தரையாக ஒரு கை. மெதுவாகத் தட்டியது.

டம்... டம்... டம்...

கைக்கு மேலே, ஷட்டரில், ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திர ஸ்டிக்கர்.

போன டிசம்பரில் எங்கள் ஷட்டரின் உள்பக்கம் நான் ஒட்டியது.

பக்கத்தை மூடப் பார்த்தேன். மூட முடியவில்லை. சத்தத்தைக் குறைத்தேன். குறையவில்லை.

எழுந்தேன். கால் நிற்கவில்லை. நெடி உள்ளறையிலிருந்து வந்தது. அப்போதுதான் புரிந்தது. பருப்பில் வண்டு சாகப் போடும் மாத்திரை. அந்தக் காற்றில் மனிதனும் சாவான்.

அண்ணாச்சிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை.

மறுபடியும்... எடுக்கவில்லை.

ஷட்டரைத் தட்டினேன். கத்தினேன்.

செத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

மூச்சு...

ஷட்டர் உயர்ந்தது. தெருவில் விழுந்தேன். அம்மிணி அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மத்தவன் எங்க மக்களே?"

"நான் மட்டும்தான்க்கா."

"ரெண்டு பேரு தட்டினீங்களே. விடிஞ்சதுல இருந்து ஒருத்தன் தட்டிட்டே இருந்தான். அண்ணாச்சி திறக்கண்டாம்னு சொன்னதுனால விட்டுட்டேன். இப்ப ரெண்டு பேரு. ஒருத்தன் மேல, ஒருத்தன் கீழ தரை கிட்ட. அதான் பயந்து திறந்தேன்."

மாலையில் அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"மருமகன் ஷிபின் நேத்து ராத்திரி மாத்திரை போட்டிருக்கான் லே. ஹர்த்தாலுக்கு ஆள் இருக்காதுன்னு நினைச்சிட்டான்."

பிறகு, "அம்மிணி இங்க வரதுக்கு முந்தி, தங்கபாண்டின்னு ஒருத்தன் இருந்தான். அவனுக்கும் இதே ஹர்த்தால், இதே மாத்திரைதான்" என்றார்.

"அவன் தட்டலியா?"

"தட்டினான். யாரும் திறக்கல்ல. ஷட்டர் அடியிலதான் கிடந்தான்."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வேலையை விட்டேன். துணிமணி எடுக்கப் போன அன்று அம்மிணி அக்காவைப் பார்த்தேன். ஹர்த்தால் அன்று என்னைப் பைக்கில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பியதும், கல்லுக்குப் பயந்து ஷட்டரை மறுபடி இறக்கிப் பூட்டினாராம்.

"ஆறு மணி வரைக்கும் தட்டிட்டேதான் இருந்தான் மக்களே" என்றார்.