வெந்நீர்க் குளம் வெடித்த அன்று

ரொறன்ரோவில் நாங்கள் இருக்கும் மில்லிக்கனிலிருந்து நாட்கணக்காகக் கார் ஓடி, அமெரிக்காவின் எரிமலைப் பூங்கா ஒன்றுக்கு நானும் கணவரும் மாமியும் போயிருந்தோம். கொதிநீர் ஊற்று எப்போது பீச்சும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் சும்மா கிடந்த வெந்நீர்க் குளம் திடீரென வெடித்தது. கறுப்புச் சேறும் கல்லும் பனை உயரத்துக்கு எழும்பின.

“பயப்பிடாதேங்கோ, உது ஒண்டும் செய்யாது” என்று அதுவரை விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த என் கணவர்தான் முதலில் ஓடினார். நான் மாமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கார் வரை வந்து சேர்ந்தேன். இருவர் தலையிலும் சேறு, கந்தக நாற்றம் வேறு.

“பெத்தவளையும் பெண்சாதியையும் விட்டிட்டு எங்கையடா ஓடினனீ?” என்றார் மாமி.

“காரை ஸ்டார்ட் பண்ணத்தான் ஓடினனான், அம்மா.”

கார்ச் சாவி என் கைப்பையில் இருந்தது. அதை எடுத்து மாமிக்குக் காட்டினேன்.

“நீ ஓட்டு பிள்ளை” என்று சொல்லிவிட்டு, மாமி முன் சீற்றில் ஏறிக்கொண்டார். ரொறன்ரோ வரும்வரை அவருடைய மகன் பின்னால்தான் இருந்தார்.