சீட்டை நோக்கி நகர்ந்த பெடல்

பட்டறையில் அவரை மோப்பக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள். பால் புதுசு என்று கடைக்காரர் சத்தியமே செய்தாலும் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். ரொட்டி வேன் ஓட்டிய காலத்தில் இந்தக் குணத்துக்குத் திட்டுதான் கிடைத்தது. மனைவியின் அண்ணன், பந்தயத் தடத்தில் மட்டும் ஓடுகிற குட்டிக் கார்களைக் கட்டத் தொடங்கிய பிறகுதான் அவருக்கு விடிவுகாலம் பிறந்தது. கதவும் கிடையாது, கூரையும் கிடையாது, எடையும் கிடையாது. அப்படிப்பட்ட வண்டிக்குச் சந்தேகப்பட்டு ஓட்டுகிறவர்தானே தேவை? மச்சான் வரைவார், மனைவி குழாய்களை வெல்டிங் வைப்பாள், இவர் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வார். ஆறு வருஷத்தில் பதினோரு வண்டி. "எல்லா வண்டியிலயும் முதல்ல உக்காந்தது நான்தான்" என்று சொந்தக்காரர்களிடம் பீற்றிக்கொள்வதில் அவருக்குத் தனி சுகம்.

பன்னிரண்டாவது வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. முந்தின நாள் அவரே தன் காலுக்கு அளந்து முடுக்கிய பெடல்கள், சீட்டை நோக்கி இரண்டு துளை நகர்ந்து வந்திருந்தன.

"யாரு மச்சான் பெடலைத் தொட்டது?"

"துடைக்கறப்ப நகர்ந்திருக்கும் மாப்பிள்ளை."

போல்ட் போட்ட பெடல் துடைத்தால் நகருமா? அதையும் மச்சான் இவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இவர் புது டயரைத் தடவினார். வளைவில் ஓடித் தேய்ந்த மாதிரி ஓரத்தில் ரப்பர் உருண்டு திரண்டிருந்தது. டேங்கில் குச்சி விட்டார். நேற்று நிரப்பியதில் இரண்டு விரல் குறைவு. வயது நாற்பத்தாறு, தூரத்து எழுத்து கொஞ்ச நாளாகவே மங்கல். மச்சான் எவனோ ஒரு குட்டைக்கால் இளவட்டத்தைப் பிடித்துவிட்டார். இனி மறுபடியும் ரொட்டி வேன்தான்.

வீட்டில் மனைவியின் வாயைக் கிளறினார். "உங்கண்ணன் வேற டிரைவர் பாக்கறாரா?"

"உங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? பேசாம சாப்பிடுங்க."

சொல்லிவிட்டு, நிறைந்திருந்த தட்டிலேயே மறுபடியும் பரிமாறினாள். அண்ணனும் தங்கையும் கூட்டு என்று முடிவு கட்டினார்.

மறுநாள் பல்வலி என்று படுத்துக்கொண்டார். அவள் கிளம்பியதும் பஸ் பிடித்துத் தடத்துக்குப் போய், டயர் அடுக்குக்குப் பின்னால் பதுங்கினார். கொஞ்ச நேரத்தில் வண்டி வந்தது. முதலில் நடை வேகம், பிறகு படிப்படியாக ஏற்றம். வளைவில் நல்ல நிதானம். பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது. அடுத்த சுற்றில் அந்த ஆள் ஓரத்து மேட்டில் வேண்டுமென்றே ஏற்றி, தடாலென்று இறக்கினான். திரும்பி வந்து இன்னொரு தடவை. வண்டியை உடைக்கப் பார்க்கிறான் படுபாவி!

கையும் களவுமாகப் பிடிக்க ஓடினார். வண்டி நின்றது. ஹெல்மெட் கழன்றது. மனைவி!

தடத்தோரம் நின்றிருந்த மச்சான் நைசாக நழுவிவிட்டார்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"முதல் வண்டியில இருந்து." அவள் தலை குனியவில்லை. "வெல்டிங் வச்சது நான். எங்கயாவது ஒட்டு விட்டுப்போச்சுன்னா நான் உள்ள இருக்கறப்ப போகட்டும். அதுக்கப்புறம் நீங்க உக்காருங்க. இந்த வண்டியில மேட்டுல ஏத்தி இறக்கிப் பாக்கறது மட்டும் பாக்கி இருந்துச்சு. பெடலைப் பழைய இடத்துல வைக்கத்தான் இந்தத் தடவை மறந்துட்டேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தார். இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொன்ன பெருமை பொய்யாகிவிட்ட கோபம். அதற்குள் மனசு கணக்குப் போட்டது. பதினோரு தடவை இவள் தனியாகப் போய் வந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் சாயங்காலம் ஒன்றும் தெரியாதவளைப் போல, "வண்டி எப்படி இருக்குங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"உனக்கு ஏதாவது ஆயிருந்தா, நான் எப்படிடி இருந்திருப்பேன்?"

அவள் கையிலிருந்த ஹெல்மெட்டை அவர் வாங்கிக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை திருப்பித் தரவில்லை.