மாலை போட முடியாத படம்

மாதாப்பூரில், போட்டோவை பிரிண்ட் போட்டு ஃபிரேமோடு வீட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் நான் டெவலப்பர். டீம் முழுக்க வீட்டிலிருந்தே வேலை செய்யும். எனக்கு வீட்டிலும் ஆள் கிடையாது என்பதால் ஆபீசுக்கே போய்விடுவேன். அங்கே ஏசி சத்தமாவது துணைக்கு இருக்கும்.

ஒரு மத்தியானம், கோபத்தில் இருந்த ஒரு தமிழ்க் கஸ்டமரை கஸ்டமர் கேரில் என் தலையில் கட்டினார்கள். இதே ஊரின் மறுகோடியில் இருக்கும் அல்வாலிலிருந்து பேசினார்.

"நாளைக்கு அம்மாவோட பதிமூணாம் நாள் மேடம். அம்மா போட்டோ மட்டும்தான் அனுப்பினேன். நீங்க அப்பாவையும் சேர்த்து பிரிண்ட் பண்ணியிருக்கீங்க. அப்பா உயிரோட இருக்கார்! இதுக்கு எப்படி மாலை போடறது? கைக்கு இப்படிப் பண்றீங்க?" என்று, தமிழுக்கு நடுவே இந்த ஊர் உருதுவில் 'ஏன்' கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபைலைத் திறந்தால் அம்மா மட்டும்தான் இருந்தார். நான்கு ஓரமும் பூ பார்டர், நடுவில் அவரைச் சுற்றி வெற்றிடம். இருவரும் நின்ற படத்திலிருந்து அப்பாவை மொபைல் ஆப்பில் அழித்திருக்கிறார் மகன்.

பிஎன்ஜி படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத்தோடு ஆல்ஃபா என்று ஓர் எண்ணும் உண்டு. அது பூஜ்யமானால் அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பழைய நிறம் பல சமயம் ஃபைலுக்குள்ளேயே கிடக்கும். எங்கள் பழைய புரோகிராம் வேகத்துக்காக நான்கு மூலைகளை மட்டும் பார்த்தது. மூலையில் பூ இருந்ததால் டிரான்ஸ்பரன்சி இல்லை என்று முடிவு கட்டி, ஆல்ஃபாவைத் தூக்கி எறிந்துவிட்டது. அழிக்கப்பட்ட அப்பா, மனைவி பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மூலையை நம்பாதீர்கள். ஆல்ஃபா முழுவதிலும் மிகக் குறைந்த மதிப்பு என்ன என்று பாருங்கள். முழுதாகத் தெரியும் பிக்சலுக்கு அது 255; அதற்குக் கீழே ஒரே ஒரு பிக்சல் இருந்தாலும் படத்தை வெள்ளைப் பின்னணியில் ஒட்டிய பிறகே பிரிண்டுக்கு அனுப்புங்கள்.

புரோகிராமைத் திருத்தி, புதுப் படத்தைச் சாயங்காலமே அனுப்பிவைத்தேன். வந்து சேர்ந்ததா என்று கேட்க போன் செய்தபோது அப்பா எடுத்தார்.

"சரியா வந்துடுச்சும்மா. அவ மட்டும்தான் இருக்கா."

"பழைய பிரிண்டை எடுத்துக்க ஆள் வருவாங்க சார். கிழிச்சுப் போட்டுடுவோம்."

"நக்கோம்மா, நக்கோ, வேண்டாம்," என்றார் அவசரமாக. "பையன்கிட்ட சொல்லாதீங்க. பீரோவுல வச்சிருக்கேன். நாங்க ரெண்டு பேரும் நிக்கிற படத்தை யாரும் பிரிண்ட் போட்டதே இல்ல."

ரிட்டர்ன் வேண்டாம் என்று குறித்துக் கம்ப்ளெயின்ட்டை முடித்தேன். இனிப் பேச ஒன்றுமில்லை. அவரோ, "சாப்டீங்களாம்மா?" என்றார்.

என்னை யாரும் அப்படிக் கேட்டு நாளாயிற்று.

"இன்னும் இல்ல சார்."

"நானும்தான்."

இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.